காதுக்காரரின் சிவப்பு நூல்

பாலத்தின் அடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் பழைய சாமான் சந்தையில் அவரை யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. காதுக்காரர் எங்கே என்று கேட்டால் போதும், பூட்டுக்கடைக்காரர் முதல் காலி பாட்டில் வாங்குகிறவர் வரை கையை நீட்டிக் காட்டுவார்கள். கடைசி வரிசை, தூணை ஒட்டி ஒரு மடக்கு நாற்காலி, மடியில் பச்சைத் துணி. அவர் முன்னால் நாலைந்து பேர், ஆளுக்கொரு பழைய தச்சுக் கருவியைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு, தங்கள் முறைக்காக நிற்பார்கள்.

அவர் தச்சர் இல்லை. ஒரு ஆணி அடித்தால் நேராக இறங்காது என்று அவரே சொல்வார். ஆனால் தாத்தா காலத்து ரம்பமோ உளியோ இழைப்புளியோ கையில் கொடுத்தால், எந்தக் காலத்துச் சரக்கு, எது அசல், எது பிறகு மாற்றிப் போட்டது, சேகரிப்பவர்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்பதைப் புட்டுப் புட்டு வைத்துவிடுவார். திருகாணியின் தலையைப் பார்ப்பார். கைப்பிடி ஈட்டி மரமா, சாயம் பூசிய சாதா மரமா என்று நகத்தால் கீறாமலே சொல்வார். வெட்டும் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வைத்து, அது வேலை செய்த கருவியா, பெட்டியில் தூங்கிய கருவியா என்று கண்டுபிடிப்பார். ‘அழுக்கைத் தொடாதீங்க’ என்பதுதான் அவருடைய முதல் உபதேசம். ஒருத்தர் வீட்டில் மருமகள் நல்ல மனசோடு ஒரு பழைய இழைப்புளியைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்திருந்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. கட்டிக்கத்தான் ஆள் வரமாட்டான்” என்றார்.

இதெல்லாம் கண் வேலை. கண் வேலை தெரிந்தவர்கள் சந்தையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதற்கடுத்து வரும் வேலை.

வார்ப்பிரும்பு இழைப்புளி என்றால் தகடு, பிடி, குமிழ் எல்லாவற்றையும் கழற்றி வைப்பார். வெறும் உடம்பை ஒரு சணல் வளையத்தில் கோத்து இடது ஆள்காட்டி விரலில் தொங்கவிடுவார். வலது கையில் பென்சில் தடிமனுக்கு ஒரு மரக்குச்சி. ஒரே ஒரு தட்டு. உடனே காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். சுற்றி நிற்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். நல்ல இரும்பு என்றால் கிண்ணென்று ஒரு சத்தம் எழும்பி, மெலிந்து, நூலாகி, எங்கே முடிந்தது என்று தெரியாமல் போகும். அந்த நூலைத்தான் அவர் வால் என்பார். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் வால் இருக்காது. சத்தம் வரும், அப்படியே படுத்துவிடும்.

அப்புறம் பையிலிருந்து நூல் எடுப்பார். முழுசாக இருந்தால் வெள்ளை நூல். ஒட்டுப் போட்டது என்றால் நீலம். விரிசல் என்றால் சிவப்பு. பிடியைச் சுற்றி அவர் கட்டிய முடிச்சை அவிழ்க்க யாரும் துணிந்ததில்லை. வெள்ளை நூல் கட்டிய இழைப்புளி ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்குக்கூடப் போயிருக்கிறது. சிவப்பு நூல் கட்டினால் அதே இழைப்புளி ஒரு ஜோடி செருப்பு விலை. பிடியையும் குமிழையும் வேறொன்றுக்கு மாட்ட வாங்குவார்கள், உடம்பு காயலான் கடைக்குப் போகும்.

இந்தக் காதை அவர் சம்பாதித்தது இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு வார்ப்பாலையில். முப்பது வருஷத்துக்கு மேல் பரிசோதனை மேடையில் நின்று, குளிர்ந்து வந்த வார்ப்புகளைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, இது போகலாம், இது உலைக்குத் திரும்பலாம் என்று பிரித்தவர். பக்கத்திலேயே மணல் உதறும் இயந்திரம் நாள் முழுக்க அலறிக்கொண்டிருக்கும். அந்த அலறலைத் தாண்டி வாலைப் பிடிக்கிற காது என்று மேலதிகாரிகள் மெச்சுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு மனைவியும் போய்ச் சேர்ந்தார். மகள் கல்யாணமாகி வெகுதூரத்தில் இருக்கிறாள். அவள் அப்பாவை மறந்தவள் இல்லை. கைக்குழந்தைக்காரி, பேச நேரம் கிடைக்காது. போனில் எழுதி அனுப்புவாள். ‘அப்பா சாப்டியா’, ‘அப்பா குட்டிக்குப் பல்லு’. அவரும் எழுதுவார். ‘சாப்டேன்’, ‘எத்தனை பல்லு’. வாரக்கணக்கில் அவர் வீட்டுக்குள் ஒரு குரல் கேட்காது. அது அவருக்குக் குறையாகத் தோன்றியதும் இல்லை.

ஆறேழு மாதங்களாகத்தான் ஏதோ கோளாறு. சிவப்பு நூல் கண்டு சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது.

முதலில் ஒன்று. பார்வைக்குக் குறையே இல்லாத இழைப்புளி; பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒரு கோடு தெரியவில்லை. தட்டினால் வால் இல்லை. அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு வாரத்துக்கு இரண்டு. அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். எங்கேயோ ஒரு பயல் கிளம்பியிருக்கிறான். உடைந்த இரும்பை எதையோ வைத்துப் பூசி, மேலே பழைய அழுக்கையும் ஏற்றி, கண்ணுக்கே தெரியாமல் சந்தைக்குள் விடுகிறான். கைதேர்ந்த ஆள். கில்லாடி.

“கில்லாடி இந்த வாரமும் ஒண்ணு அனுப்பியிருக்கான் டாக்டர்” என்று பல் டாக்டரிடம் சொல்வார். பல் டாக்டர் இழைப்புளிப் பைத்தியம். அவருடைய வீட்டில் சாப்பாட்டு மேசைமேல்கூட இழைப்புளிகள்தான் இருக்கும். நூலைப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார்.

“நான் பல்லடைக்கிறதைவிட நல்லா அடைக்கிறானே. எங்க கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க, வேலை போட்டுத் தரேன்” என்பார் டாக்டர்.

காதுக்காரர் கில்லாடியை வெறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நேர்மாறு. கில்லாடியின் வேலையில் உச்சம் என்று தோன்றிய ஒரு சிவப்பு நூல் இழைப்புளியைத் தானே விலை கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். சாயங்காலம் தேநீர் போட்டுக்கொண்டு அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “எங்கடா பூசி வெச்சிருக்க? தகட்டு வாய்க்கிட்டயா? மாட்டாமலா போயிடுவ” என்று முனகுவார். எதிர் நாற்காலியில் அவன் உட்கார்ந்து சிரிப்பதுபோல் இருக்கும். நாற்பது வயது, புகையிலைப் பழக்கம், யாரிடமும் பேசாதவன் என்று ஒரு உருவம்கூடக் கொடுத்திருந்தார். ஒருநாள் தேநீர் ஊற்றும்போது இரண்டு குவளை எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைத்தார்.

அந்த நாட்களில்தான் பள்ளி வேன் ஓட்டும் பெண் சந்தைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு பழைய போர்வையில் சுற்றிய பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காதுக்காரருக்கே கை ஒரு கணம் நின்றது. மூக்கில் கொக்கு முத்திரை போட்ட இழைப்புளி. கொஞ்ச காலமே நடந்த ஒரு சின்னப் பட்டறையின் சரக்கு. அவர் வாழ்நாளில் இரண்டுதான் பார்த்திருக்கிறார்.

“எங்கப்பாவோடது சார். மாடிப்படி செய்யிற தச்சர். போன வருஷம் தவறிட்டார்” என்றாள்.

கழற்றினார். தொங்கவிட்டார். தட்டினார். காதருகே கொண்டுபோனார். சத்தம் வந்தது, படுத்துவிட்டது. மறுபடி தட்டினார். அதேதான்.

சிவப்பு நூலை எடுத்துக் கட்டினார். “விரிசல் இருக்கும்மா. எப்பவோ கீழ விழுந்திருக்கு.”

அவள் நூலைப் பார்த்தாள். “இல்ல சார்.”

“கண்ணுக்குத் தெரியாது. சத்தத்துல தெரியும்.”

“அது இல்ல சார். எங்கப்பா இதைக் கீழ போட்டதே கிடையாது. பெருமையா சொல்லிக்கிறதுக்கு அவர்கிட்ட வேற எதுவும் இல்ல. இது ஒண்ணைத்தான் வாழ்நாள் பூரா சொல்லிட்டு இருந்தார்.”

“எல்லா அப்பாவும் சொல்றதுதாம்மா” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, இருந்தாலும் வரிசையில் ஒருத்தர் சிரித்துவிட்டார். அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை காலை அவள் அவர் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றாள். எவ்வளவு நேரமாகத் தட்டினாளோ. அவர் குப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது, தட்டத் தூக்கிய கையோடு இருந்தாள். சந்தையில் விசாரித்து முகவரி வாங்கியிருக்கிறாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டாயிற்று, மத்தியானம் வரை வேலை இல்லை. ஒரு கையில் போர்வைப் பொட்டலம், மறு கையில் ஒரு பாட்டில் மண்ணெண்ணெய்.

“வீட்டைக் கொளுத்தவா வந்திருக்க?” என்றார்.

“அந்தக் கோவம்தான் சார். ஆனா இது அதுக்கில்ல. எங்க மெக்கானிக் அண்ணன் இஞ்சின்ல விரிசல் பாக்கிறதுக்கு இப்படித்தான் செய்வார். மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு, நல்லா துடைச்சிட்டு, சாக்பீஸ் பொடி தூவினா, விரிசல் இருக்கிற இடத்துல எண்ணெய் கசிஞ்சு கோடு விழும். உங்க முன்னாடியே செஞ்சு பாக்கணும். கோடு விழுந்தா மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்.”

“நூறு வருஷக் கை அழுக்கு அது. கரைஞ்சுடும்.”

“விக்கிறதா இருந்தாத்தானே அழுக்கைப் பத்திக் கவலை. எங்க தம்பி, நீங்க நூல் கட்டின அன்னிக்கிலிருந்து, ‘அப்பா பெருமை எல்லாம் வாய்ச்சவடால்’னு வீட்டுக்கு வர்றவங்க கிட்டல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். அது நிக்கணும் சார். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

அவருக்கு வார்ப்பாலையில் இந்தச் சோதனை தெரியாததில்லை. காது இருக்கிறவனுக்கு எண்ணெய் எதற்கு என்று அதைத் தொட்டதில்லை, அவ்வளவுதான். கூடவே வேறொரு ஆசையும் எட்டிப் பார்த்தது. கில்லாடி எந்த இடத்தில் பூசியிருக்கிறான் என்று கடைசியில் கண்ணாலேயே பார்த்துவிடலாமே. அகலத் தட்டு ஒன்றை எடுத்து வந்தார். உடம்பைக் கழற்றிப் படுக்கவைத்தார்கள், முழுகும்வரை ஊற்றினார்கள். ஊற வேண்டும். காத்திருந்தார்கள்.

அவள் அலமாரியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். “எப்படி சார் இதோட இருக்கீங்க? எனக்குத் தலைவலியே வந்துடும்.”

“மண்ணெண்ணெய் வாடையா? ஜன்னலைத் திறக்கிறேன்.”

“இல்ல, அந்தக் கீச்சு.”

“எந்தக் கீச்சு?”

அவள் அவரை ஒருமாதிரி பார்த்தாள். “இதோ. இப்ப கத்துச்சே.”

அவர் தலையைச் சாய்த்துக் கவனித்தார். வீடு எப்போதும்போல் இருந்தது. அவள் எழுந்து, காதை முன்னால் விட்டுக்கொண்டு நடந்து, சமையலறை வாசலுக்கு மேலே கூரையில் பதித்திருந்த வெள்ளைப் பெட்டியின் கீழே நின்றாள். தீப்பிடித்தால் புகையை முகர்ந்து அலறுகிற பெட்டி. வீட்டுச் சொந்தக்காரர் எல்லா மாடியிலும் மாட்டிவைத்தது. முக்காலிமேல் ஏறித் திருகி எடுத்தாள்.

“பேட்டரி தீர்ந்துபோச்சு சார். மாத்துற வரைக்கும் விட்டு விட்டுக் கத்திக்கிட்டே இருக்கும். எத்தனை மாசமா இப்படியோ.” அதை அவர் காதருகே நீட்டினாள். “இந்தச் சின்ன லைட்டு எரியிறப்பல்லாம் கத்துது பாருங்க.”

அவர் பார்த்தார். பெட்டியின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சிவப்பு வெளிச்சம் வந்து போயிற்று. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை வெளிச்சம் வந்தது. அவள் மறுபடி கண்ணைச் சுருக்கினாள். அப்போதும் கேட்கவில்லை.

கீழ்வீட்டில் தையல்கடை வைத்திருக்கும் அம்மா ஒருநாள் படிக்கட்டில் மறித்து, “என்ன அண்ணே, மேல குருவி வளக்கிறீங்களா?” என்று கேட்டது நினைவுக்கு வந்தது. தனியாக இருக்கிறவனைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, பதில் சொல்லாமல் ஏறி வந்திருந்தார்.

“என் பேச்சு கேக்குதில்ல சார்?” வேன்காரி தணிந்த குரலில் கேட்டாள்.

“நல்லா கேக்குது. நீ பேசுறது, பஸ் போறது, கதவு சாத்துறது எல்லாம் கேக்குது.” பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தார். “மெலிசா இருக்கிறதுதான் போயிருக்கு போல.”

தட்டிலிருந்து உடம்பை எடுத்தது அவர்தான். துணியால் துடைத்தார், இன்னொரு துணியால் துடைத்தார், ஈரப்பசை போகும்வரை துடைத்தார். அவள் சாக்பீஸைப் பொடித்துத் தூவினாள். கொக்கு முத்திரை மறைந்தது, இரும்பு முழுக்க வெள்ளையாயிற்று. இருவரும் அதன்மேல் குனிந்தார்கள்.

அந்த நேரத்தில் அவர் ஆசைப்பட்டதெல்லாம் ஒரு கோட்டுக்கு. தகடு எட்டிப் பார்க்கும் வாய்ப்பக்கம், விளிம்பு, எங்கேயாவது. கோடு விழுந்தால் காது பிழைத்தது, கில்லாடி இருக்கிறான், அலமாரியில் இருப்பது அவனுடைய கைவேலை. விழாவிட்டால் இத்தனை மாதமாகக் கட்டிய சிவப்பு நூல்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஜன்னல் வெயில் மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்ந்தது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

“போதும்மா” என்றார். கத்தரிக்கோலை எடுத்து, தனியே கிடந்த பிடியில் தான் போட்ட முடிச்சை வெட்டினார். பையைத் திறந்து வெள்ளை நூலைத் தேடினார்.

“அது வேண்டாம் சார். நான் விக்கப்போறதில்ல. அந்தச் சிவப்பைக் குடுங்க, வெட்டினபடியே. தம்பிகிட்டக் காட்டணும்.” நூலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். வெற்றிபெற்ற முகம் இல்லை, பாரம் இறங்கின முகம். உடம்பைக் கழுவி, பிடியை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “கடைசி காலத்துல அப்பாவுக்குக் கை லேசா நடுங்க ஆரம்பிச்சுது. எங்களுக்கு யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிஞ்ச அன்னிக்கே இதுக்கு எண்ணெய் போட்டு, போர்வையில சுத்திப் பரண்மேல வெச்சுட்டார். அப்புறம் தொடவே இல்ல. அதனாலதான் சார் அன்னிக்கு அவ்வளவு உறுதியா சொன்னேன்.”

அவர் தலையாட்டினார். அவள் போகும்போது பெட்டிக்குப் புது பேட்டரி வாங்கிப் போடச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மடக்கு நாற்காலியை விரிக்கவில்லை. கத்தரிக்கோலோடு கடை கடையாகப் போனார். சிவப்பு நூல் தெரிந்த இடத்தில் எல்லாம் நின்று வெட்டினார். எது நிஜமான விரிசல், எது தன் விரிசல் என்று பிரிக்க வழியில்லாததால் எல்லாவற்றையும் வெட்டினார். “மண்ணெண்ணெய் போட்டுப் பாத்துட்டு விலை சொல்லுங்க” என்று கடைக்காரர்களிடம் சொன்னார். சிலர் தோளைக் குலுக்கினார்கள். ஒருத்தர் கெட்ட வார்த்தை சொன்னார், அது நன்றாகவே கேட்டது.

பல் டாக்டர் ஓடி வந்தார். “என்ன காதுக்காரரே, சந்தையே அமர்க்களப்படுது. கில்லாடி மாட்டிக்கிட்டானா?”

“மாட்டிக்கிட்டான்.”

“அட. யாரு?”

அவர் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் சிரிக்கப் போனார், முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு கையைப் பிசைந்தார். “நீங்க சிவப்பு கட்டினதுல நான் ஒண்ணு வாங்கினேனே. அந்த உயரக் குமிழ் வெச்ச இழைப்புளி. பிடியைக் கழட்டிக்கிட்டு உடம்பைக் காய்லான்ல போட்டுட்டேன்.”

“தெரியும். அதுக்கென்ன செய்யணுமோ செய்யிறேன்.”

“அட விடுங்க. அது போனாப் போகுது.” டாக்டர் நல்ல மனுஷன், குரலை வேண்டுமென்றே உயர்த்திப் பேச ஆரம்பித்திருந்தார். “காதுக்கு மெஷின் இருக்கு, வெச்சுக்கலாம். கண் வேலை உங்ககிட்டத்தானே இருக்கு. அதைப் பண்ணுங்க.”

“பண்ணலாம்” என்றார்.

தூணுக்குப் பக்கத்தில் நின்ற வரிசை கலைந்து, பூட்டுக்கடைப் பக்கம் போய்விட்டிருந்தது. பேர் மட்டும் கலையவில்லை. அவர் கடந்து போனபோது யாரோ யாரிடமோ, “அதோ காதுக்காரர்” என்று கையை நீட்டிக் காட்டினார்கள்.

அன்று சாயங்காலம் தேநீர் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் அலமாரியிலிருந்த இழைப்புளியை எடுத்தார். நேற்றே அதற்கும் மண்ணெண்ணெய்ச் சோதனை செய்தாயிற்று, கோடு இல்லை. “எங்கடா” என்று ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திக்கொண்டார். எதிர் நாற்காலி வெறும் நாற்காலியாக இருந்தது. மாதக்கணக்கில் எதிரே வைத்து மல்லுக்கு நின்றவன், நாற்பது வயது, புகையிலை, எல்லாம் போயிற்று. மனைவி இறந்த வருஷத்தில்கூட வீடு இப்படிக் காலியாகத் தெரிந்ததாக நினைவில்லை. போனில் மகள் எழுதியிருந்தாள்: ‘அப்பா என்ன பண்ற’. ‘சும்மா’ என்று எழுதி அனுப்பினார்.

பிறகு எழுந்து, இழைப்புளி உடம்பையும் சணலையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

தையல்காரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். காலைத் தையல் மிஷின் மிதியிலிருந்து எடுக்கவில்லை. “பேன்ட்டா அண்ணே? நாலு நாள் ஆகும்.”

“பேன்ட் இல்லம்மா. ஒரு நிமிஷம் உங்க காது வேணும்.”

“எடுத்துட்டுப் போயிடாதீங்க. ரெண்டும் எனக்கு வேணும்.” ஓரத்தை முடித்து நூலைக் கடித்து அறுத்தாள். “உங்க வீட்டுக் குருவியைக் காணோமே, செத்துப்போச்சா?”

“அது எனக்குக் கேக்கவே இல்லம்மா. இந்த வாரம்தான் தெரிஞ்சுது.”

மிதி நின்றது. அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “அப்போ நீங்க படியேறுறப்ப நான் பின்னாலேருந்து கூப்பிட்டதெல்லாம்?”

“எப்ப கூப்பிட்டீங்க?”

“எத்தனையோ வாட்டி. பதிலே சொல்லாம ஏறிப் போவீங்க. திமிர் பிடிச்ச ஆளுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட வண்டி வண்டியா சொல்லியிருக்கேன்.” துணிக்குவியலை ஒதுக்கி முக்காலியைக் காலால் தள்ளினாள். “உக்காருங்க. என்ன கேக்கணும்?”

“இதைத் தட்டுறேன். சத்தம் எப்ப நிக்குதுன்னு சொல்லுங்க. முழுசா நிக்கணும். அவசரப்படாதீங்க.”

விரலில் தொங்கவிட்டார். தட்டினார். அவர் காதில் சத்தம் வந்தது, படுத்துவிட்டது. அவள் இயந்திரத்தின்மேல் கையை ஊன்றி, உதட்டை லேசாகத் திறந்து, தலையைச் சாய்த்திருந்தாள். தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. “இருக்கு” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இன்னும் இருக்கு.” அப்புறம் கையை மட்டும் பொறுங்கள் என்பதுபோல் உயர்த்தினாள். புருவம் மெல்ல நெருங்கி வந்தது. அவர் இரும்பைப் பார்க்கவில்லை. அந்த முகத்தில் வால் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.